தண்ணீர் ஏறாத வீடு

வாடகை வீட்டிலேயே வயது போனவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை: வீட்டுக்காரர் சும்மா ஒரு நாளில் சிரித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றால் அது நல்லதுக்கு அல்ல. கொழும்பில் இருந்த காலமெல்லாம் சுஜீவாவுக்கு அது நன்றாகப் பழக்கம். களுதாவளைக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் மறந்திருந்தாள். அதனால்தான் அன்றைக்கு வீட்டுக்காரி அன்னப்பூரணி கையில் சர்க்கரைப் புக்கைத் தட்டோடு, முகமெல்லாம் பல்லாக வந்தபோது, ஒன்றும் யோசிக்காமல் தட்டை வாங்கிவிட்டாள்.

"சாப்பிடுங்க மனே. பிள்ளையாருக்குப் பொங்கின. நம்மட மகள் தனுஷாவுக்கு ஒரு இடம் சரி வந்திருக்கு. கல்லாத்துப் பொடியன். நிதுர்ஷன் எண்டு பேரு. பேங்கில வேல."

"ஐயோ, சந்தோஷம் அம்மா" என்று சுஜீவா ஒரு கவளத்தை வாயில் போட்டாள். அது தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் அவளுக்கு விளங்கியது, தன்னை வீட்டை விட்டு எழும்பச் சொல்லும் செய்தியைத் தான் சர்க்கரையோடு விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று.

அன்னப்பூரணியின் புருஷன் வல்லிபுரம் ஒளிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வீட்டுத் திறப்பைக் கையில் கொடுத்த அன்றைக்கே அவர் சொன்னார்: "இது எண்ட மகள்ட வீடு பிள்ள. அவளுக்கு ஒரு காரியம் ஒப்பேறினா நீங்க எழும்பித் தரணும். அதுவரைக்கும் உங்கட வீடு மாதிரி இரிங்க." சுஜீவாவும் தலையாட்டினாள். கொழும்பில் எந்த வீட்டுக்காரர்தான் இப்படி ஒரு கதை சொல்லாதவர்? வத்தளையில் ஒருவருக்குக் கனடாவிலிருந்து மகன் வரவிருந்தான். தெமட்டகொடையில் ஒருத்திக்குத் தம்பி வரவிருந்தான். எழுப்பிவிட்ட மறு மாதம் பார்த்தால், மகனும் இல்லை, தம்பியும் இல்லை, கூடின வாடகைக்கு வேறு ஆட்கள் இருப்பார்கள். இதுவும் அந்த வகைப் பேச்சுத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் இந்தக் கரையில் அது பேச்சு அல்ல. இங்கே ஒரு பெண்பிள்ளை பிறந்தால், வெற்றிலைத் தோட்டத்தில் வந்ததைத் தகப்பன் கல்லும் சீமெந்துமாக மாற்றத் தொடங்கிவிடுவான். வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அதுவரைக்கும் வீடு பூட்டிக் கிடக்கும், இல்லாவிட்டால் விளக்கேற்றிக் கூட்டித் துடைக்க நம்பிக்கையான ஒரு குடும்பத்தை இருத்துவார்கள். வல்லிபுரமும் அன்னப்பூரணியும் அதே வளவில், பின்னால் இருந்த சின்ன வீட்டில்தான் இருந்தார்கள். வாடகை அவ்வளவு குறைவாக இருந்ததற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அந்தக் குறைவை நம்பித்தான் சுஜீவா கொழும்பை விட்டு வந்தாள். அவள் வேலை செய்த மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மட்டக்களப்பில் ஒரு கிளை இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். மட்டக்களப்பு டவுனுக்குள் வீடு தேடினால், அங்கேயும் கொழும்பு வாடகைக்குப் பக்கத்தில்தான் சொன்னார்கள். யாரோ சொல்லித்தான் பஸ்ஸில் போய்வரக்கூடிய களுதாவளை கிடைத்தது. காலையில் கல்முனையிலிருந்து வரும் பஸ் அங்கே நிற்கும்போதே நிரம்பி வழியும். மிதிபலகையில் ஒரு கால், காற்றில் ஒரு கால். "உள்ள போங்க அக்கா, உள்ள போங்க, உள்ள கல்யாண மண்டபமே கிடக்கு" என்று கண்டக்டர் தள்ளுவான். கல்லடிப் பாலம் தாண்டி இறங்கும்போது சேலை கசங்கிக் கந்தலாகிவிடும். அதையெல்லாம் அவள் ஒரு கஷ்டமாகவே நினைக்கவில்லை. புருஷன் அன்ரோ கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு பழுதாகி, பாரம் தூக்க ஏலாமல் இருந்தான். மகள் மெலிஷா போகிற ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் கூட்டாளி பிடித்து முடிவதற்குள் வீடு மாறியிருந்தாள். இங்கேதான் முதல்முறையாக அவள் ஒரு பிள்ளையைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "இதுதான் எங்கட வீடு" என்று சொன்னாள். குசினிக்குள் அடுப்போடு நின்ற சுஜீவாவுக்கு அது கேட்டது.

"கொழும்பில மகன் வாறான், இங்க மருமகன் வாறான். நமக்கு எப்பவும் ஆராவது ஒருத்தன் வந்துகொண்டே இருக்கிறான்" என்று அன்ரோ அன்றைக்குப் பகிடி விட்டான். சுஜீவா சிரிக்கவில்லை. அவனும் பிறகு சிரிக்கவில்லை.

கல்யாணம் ஆவணியில் என்றார்கள். அதற்கு இன்னும் மாதங்கள் இருந்தன. அவள் தேடத் தொடங்கினாள். களுதாவளை, தேத்தாத்தீவு, செட்டிபாளையம் என்று லீவு நாளெல்லாம் நடந்தாள். வீடுகள் இருந்தன, அதுதான் வயிற்றெரிச்சல். பூச்சுப் பூசி, நிறமடித்து, பூட்டுப் போட்டுக் கிடந்தன. கேட்டால், "அது எங்கிட மூத்தவள்ட. பங்குனியில கல்யாண எழுத்து." "அது மகள்ட மனே, லண்டனுக்குப் போயிருக்கா, வந்தா இருக்கிறதுக்கு." ஒரு மனுஷி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உங்கட தாய் தகப்பன் உங்களுக்கு வீடு தரல்லயா?" என்று கேட்டாள். கிண்டலுக்குக் கேட்கவில்லை, மெய்யாகவே விளங்காமல்தான் கேட்டாள். கொழும்பில் தாயும் தகப்பனும் வாடகை வீட்டிலேயே செத்தவர்கள் என்று எப்படிச் சொல்வது? "இல்ல அம்மா" என்றாள். "அடி ஆத்தே" என்று அந்த மனுஷி வாயில் கை வைத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வருகிற நாள் வந்தது.

முதல் நாளே அன்னப்பூரணி வந்து நின்றாள். "மனே, ஒரு உதவி. நாளைக்குக் கடைக்கு லீவு போடுங்க. வீடு ஆள் புழங்கிற வீடு மாதிரி இரிக்கணும். மறுகா இன்னொண்டு..." என்று இழுத்தாள். சுவாமி அறையில் மாதா படம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கையைப் பிசைந்தாள். "தாய் கோவிக்கமாட்டா. ஒரு நாளைக்கு மட்டும்."

"அதுக்கென்ன அம்மா" என்று சுஜீவா மாதாவை இறக்கி அலுமாரிக்குள் வைத்தாள்.

பூமணி என்பது மாப்பிள்ளையின் தாயின் பெயர். தமக்கையையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்கினாள். இரண்டு பேரும் வீட்டைப் பார்த்த விதத்தைப் பார்க்க வேண்டும்! சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். யன்னலைத் திறந்து மூடினார்கள். தமக்கைக்காரி கிணற்றில் ஒரு வாளி அள்ளி, வாயில் விட்டுக் கொப்பளித்து, "உப்பில்ல" என்றாள். தனுஷா தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தாள். வந்தாறுமூலைக் கேம்பஸில் படித்து முடித்த பிள்ளை, கேட்ட கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொன்னாள். அது பூமணிக்குப் பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. சுஜீவாவுக்கும் தெரிந்தது.

பிறகு அன்னப்பூரணி தமக்கைக்காரியைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். பூமணி முழங்கால் வலி என்று குசினி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் சுஜீவா மட்டும்.

"கொழும்புப் பிள்ளயாமே நீ. இரி கா இப்படி" என்று பூமணி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். "இவங்க நல்லதத்தான் சொல்லுவாங்க. நீ சொந்தமும் இல்ல, பகையும் இல்ல. உள்ளதச் சொல்லு. புள்ள எப்படி?"

"தங்கமான புள்ள மாமி." யோசிக்காமலே வந்தது. அது உண்மை, அதனால் வந்தது.

"ம். முகத்தப் பாத்தாலே தெரியிது." பூமணி தரையை உள்ளங்கையால் தடவினாள். "வீடு எப்படி? எண்ட புள்ள வந்து கிடக்கப்போற வீடு. நாங்க கல்லாத்து ஆக்கள் மனே. கடலும் எங்கட பக்கம்தான் வரும், ஆறும் எங்கட பக்கம்தான் வரும். கடலடிச்ச சுனாமி வரியம் நான் எண்ட தாயக் குடுத்தன். எனக்குத் தண்ணி எண்டாப் பயம். மாரி மழைக்கு இங்க தண்ணி ஏறுமா?"

வளவுக்கு வெளியே மெலிஷாவும் கூட்டாளிகளும் கத்தி விளையாடும் சத்தம் கேட்டது. தனுஷாவைப் பற்றி ஒரு வார்த்தை பிழையாகச் சொன்னால் பாவம். அதை அவள் செய்யமாட்டாள். ஆனால் இது வீடு. கல்லும் மண்ணும். கல்லைப் பற்றி ஒரு பொய் சொன்னால் யாருக்கு என்ன? அந்தப் பொடியனுக்கு வேறு பெண் கிடைக்கும், தனுஷாவுக்கு வேறு மாப்பிள்ளை கிடைப்பான். ஒரு வருஷம் தள்ளிப்போனால் போதும். ஒரே ஒரு வருஷம்.

"ஏறும்" என்றாள் சுஜீவா.

விசிறிக்கொண்டிருந்த தலைப்பு நின்றது.

"போன மாரியில முழங்கால் வரைக்கும் மாமி. இந்தக் குசினிக்குள்ளதான். சட்டி பானையெல்லாம் கட்டில்ல அடுக்கினோம். மகள்ட புத்தகம் ஊறிப் போச்சு. தண்ணி வத்தின பிறகும் சுவர்ல ஒரு கறுப்புக் கோடு நின்டிச்சு, தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேன்."

இது ஒன்றும் கட்டின கதை அல்ல. சட்டி அடுக்கியதும் உண்மை, புத்தகம் ஊறியதும் உண்மை. முன்பு கொழும்புக் கொலன்னாவையில், களனி ஆறு பெருகிய நாளில், ஓட்டு வீடு ஒன்றில் நடந்தது. சொல்லும்போது அவள் கண் கலங்கியதும் பாசாங்கு அல்ல. இடத்தை மட்டும்தான் மாற்றினாள்.

பூமணி படியிலிருந்து எழும்பி, சேலையை உதறிக்கொண்டாள். "நல்லா இரி மனே. சொன்னதுக்கு" என்று அவள் தோளைத் தட்டினாள்.

அதற்குப் பிறகு கல்லாற்றிலிருந்து பேச்சே இல்லை. அன்னப்பூரணி ஒவ்வொரு நாளும் கோயிலுக்கு நடந்தாள், சோறு தின்னாமல் நடந்தாள். "என்ன குறை கண்டாங்களோ தெரியாது" என்று சுஜீவாவிடமே வந்து அழுதாள். சுஜீவா அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போதே, உள்ளுக்குள் ஒரு மூலையில், நத்தார்ப் பெருநாளுக்குத் திரைச்சீலை மாற்றலாமா என்று ஒரு யோசனையும் ஓடியது. அதை நினைத்துத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது. அன்ரோவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அவள் மெலிஷாவுக்குத் தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது, வல்லிபுரம் முன்பக்கத்தால் வந்தார். எப்போதும் பின்பக்கத்தால் வருகிற மனிசன்.

"கல்லாத்தால ஆள் வந்த பிள்ள. அவங்களுக்குப் பொண்ணுப் பிடிச்சிருக்காம். தனுஷாவ விடமாட்டாங்களாம்."

சுஜீவாவின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

"ஆனா வீட்ட ஒரு முழம் உசத்தித் தரணுமாம். நிலத்த உடைச்சு, மண் போட்டு நிரவி, கதவு நிலையெல்லாம் கழட்டி உசத்தணும். மாரிக்கு முதல் மண் இறுகணும். அப்ப இந்தக் கிழமையே தொடங்கினாத்தான் முடியும்." அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஆவணி வரைக்கும் இரிங்க எண்டுதான் நினைச்ச நான். என்ன செய்யிற?"

"இந்தக் கிழமையா ஐயா?"

"வியாழன் மேசன் வருவான்." போகத் திரும்பினவர் நின்றார். "இந்த வளவுக்குத் தண்ணி ஏறினது இல்ல பிள்ள. பெருவெள்ளம் வந்த வரியம் ஊர்ச் சனமெல்லாம் இஞ்சதான் வந்து கிடந்த, அப்ப அத்திவாரம் மட்டும்தான் கட்டி இருந்த. நான் மேடு பாத்துக் கட்டின வீடு. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். மெதுவாகக் கேட்டார். அவள் மகளின் தலைமுடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க போய்ச் சொல்லுங்களன் ஐயா, ஏறாது எண்டு."

"நான் சொன்னா ஆரு நம்புவா? வீடு குடுக்கிறவன் வேற என்ன சொல்லுவான்?"

அவர் போன பிறகு அன்ரோ உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான். "சுஜி" என்றான். அவ்வளவுதான். அவள் தலைமுடியை அரைகுறையாக விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கல்லாற்றுக்கென்று கல்முனைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

பூமணி முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சுஜீவா நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். பொய் சொன்னேன், மாமி. எங்களுக்குப் போக வீடில்லை, அதுக்காகச் சொன்னேன். அந்த வீட்டில் ஒரு துளித் தண்ணி ஏறினதில்லை. வேண்டுமானால் பிள்ளையார் மேலே சத்தியம், மாதா மேலே சத்தியம்.

பூமணி கத்தியை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"வல்லிபுரண்ணன் அனுப்பினவரா?"

"இல்ல மாமி! நானாத்தான் வந்தேன்."

"பாவம், அவரும் என்ன செய்வார். செலவுதானே." பூமணி கையைக் கழுவினாள். "சட்டி அடுக்கின எண்டாய். புள்ளட புத்தகம் ஊறின எண்டாய். சுவத்தில கோடு நிண்ட எண்டாய். சொல்லக்குள்ள உனக்குக் கண்ணீர் வந்த, நான் பாத்த. பொய் சொல்றவளுக்கு அப்படியெல்லாம் வராது மனே. தண்ணி பாத்த கண்ண எனக்குத் தெரியும்."

"அது கொழும்பில மாமி! கொலன்னாவையில!"

"செரி செரி. மீன் கொஞ்சம் கொண்டு போறியா? உன்னக் குடியிருத்தினவருக்காக வெயிலுக்குள்ள வந்திருக்கிறாய். உனக்கு நல்ல மனசு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது, கையில் அந்த மீன் பை ஆடிக்கொண்டு வந்தது. வாங்காமல் வர அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அவள் கடைக்குப் போகவில்லை. வீடு வீடாகப் போனாள். முன்பு "மகள்ட" என்று சொன்னவர்கள் இப்போது அதையும் சொல்லவில்லை. கதவு யன்னல் இன்னும் போடாத வீடென்றாலும் பரவாயில்லை, சாக்கைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம் என்று ஒரு இடத்தில் கெஞ்சினாள். அந்த வீட்டுக்காரி நல்லவள், தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னாள். பிறகு மடியில் கிடந்த தன் சின்ன மகளின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "கோவிக்காதீங்க தங்கச்சி. எங்கட புள்ளைக்கும் ஒரு நாளைக்கு வீடு பாக்க ஆக்கள் வருவாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க, அங்க ஒரு வீட்டயே உடைக்கிறாங்க."

புதன் பின்னேரம் அன்னப்பூரணி வேலியோரம் நின்றாள். இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தவள், சுஜீவாவைக் கண்டதும் அடக்கமாட்டாமல் கேட்டாள்.

"தேத்தாத்தீவில எண்ட அண்ணன்ட மகள்ட வீடு கிடக்கு. அவள் இப்பதான் பத்தாம் வகுப்பு. ஆவணிக்குப் பிறகு உங்கள அங்க இருத்தணும் எண்டு இவர் கதைச்சு வெச்சிருந்தவர். உங்களுக்குத் திடீரெண்டு சொல்லிச் சந்தோஷப்படுத்துவம் எண்டு என்னையும் பறையவிடல்ல. இப்ப அண்ணன் ஏலாதெண்டு சொல்லிட்டார். எங்கட வீட்டுக்கு வாய் வெச்சதப் போல அங்கயும் வெச்சா? ஏன் மனே, என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கப்படாதா?"

சுஜீவா விரலை மடித்து எண்ணிப் பார்த்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை. எத்தனை வருஷம் இருந்திருக்கலாம். மெலிஷா பள்ளிக்கூடமே முடித்திருப்பாளே.

வியாழக்கிழமை மேசன் கையாளோடு வந்தான். சாமான்கள் எல்லாம் முற்றத்து மணலில் கிடந்தன: கட்டில், காஸ் அடுப்பு, துணி சுற்றின மாதா படம். அன்ரோ கதிரையில் உட்கார்ந்து, கொழும்புக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் தமக்கைக்கு விடாமல் போனில் கோல் எடுத்துக்கொண்டிருந்தான். ஒற்றை அறையில் நாலு பேரோடு இருக்கிறவள் அவள். எடுக்கவில்லை. மெலிஷாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி எங்கே வரச் சொல்வது என்று மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை.

தனுஷா வந்து சுஜீவாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"என்னப் பத்தி நாலு கதை சொல்லியிருக்கலாம் அக்கா" என்றாள் தனுஷா. "ஒருத்தரும் நம்பியிருக்கமாட்டாங்க. சண்டை பிடிச்சிட்டு மறந்திருப்பம்."

சுஜீவா மணலில் கிடந்த மாதா படத்தை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

உள்ளே முதல் அடி விழுந்தது. நல்ல சீமெந்து நிலம், இலேசில் உடையவில்லை. மேசன் திட்டித் திட்டி அடித்தான். குசினி நடுவில் ஒரு துண்டு பெயர்ந்து வந்ததும், அவன் குனிந்து கீழே இருந்த மண்ணை ஒரு கை அள்ளினான். வெளியே வந்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தான். மாவாக உதிர்ந்து, விரல் இடுக்கால் ஓடியது.

"என்ன வல்லிபுரண்ணே, ஆரு சொன்ன தண்ணி ஏறுதெண்டு? சாம்பல் மாதிரிக் கிடக்கு. இந்த வீட்ட உடைக்கிறது பாவம்."

அன்னப்பூரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுஜீவா இரண்டு அடி முன்னால் போய், மேசனுக்கு முன்னால் நின்றாள். "நான்தான் சொன்னேன். பொய். ஐயா, இதக் கொண்டு போய்க் காட்டுங்க, இந்த மண்ணக் காட்டுங்க அவங்களுக்கு."

வல்லிபுரம் அவளைப் பார்க்கவில்லை. மேசனின் கையிலிருந்து சிந்திய மண்ணைக் காலால் நிரவினார்.

"வாக்குக் குடுத்திட்டன்" என்றார். "நீ உடை."

சத்தம் மறுபடி தொடங்கியது. அன்ரோ ஒரு காதைப் பொத்திக்கொண்டு, போனை இன்னும் இறுக்கிப் பிடித்தான். பள்ளிக்கூடம் விட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சுஜீவா தெருவைப் பார்த்தாள். பிறகு, மழைக்கு இருட்டியிருந்த வானத்தைப் பார்த்துவிட்டு, கட்டிலின் ஒரு முனையைத் தனியாகவே பிடித்து, வேலியோர மரத்துக்குக் கீழே இழுக்கத் தொடங்கினாள்.